கூட்டம் மறைக்காது

உலக நிர்வாண சைக்கிளோட்டம் என்ற பெயரில் முதல் ஊர்வலங்கள் 2004 ஜூன் 12ஆம் தேதி நடந்தன. தொடங்கிவைத்தவர் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட். முதல் ஆண்டிலேயே 10 நாடுகளில் 28 நகரங்கள் சேர்ந்துகொண்டன. அதற்கும் முன்னால், 2001இல், ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் இதே வகை ஊர்வலம் ஒன்று நடந்திருந்தது. எண்ணெயை நம்பி ஓடும் வாழ்க்கைக்கு எதிர்ப்பு, கார்களின் ஆதிக்கத்துக்கு எதிர்ப்பு, சாலையில் சைக்கிளோட்டி எவ்வளவு பாதுகாப்பற்றவர் என்பதை உடம்பாலேயே காட்டுவது என்று காரணம் சொன்னார்கள். லண்டன், பிரைட்டன், மெக்சிகோ சிட்டி, சாவ் பாவ்லோ, தெசலோனிகி என்று பட்டியல் நீண்டது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் நல்ல ஆண்டுகளில் பத்தாயிரம் பேர்வரை திரண்டிருக்கிறார்கள்.

இது இன்னும் பரவுமா, ஆசிய நகரங்களுக்கும் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டம் இங்கே சிங்கப்பூருக்கு வருகிறதோ இல்லையோ, அதன் காணொளி வந்துவிட்டது. பொங்கோலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் அறையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளை கைபேசியில் பார்ப்பது, ஆயிரம் பேர் சிரித்தபடி போவதையும், காவலர்கள் ஓரமாக நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதையும்தான். 'இத்தனை பேர் செய்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே' என்று தோன்றுவது இயல்பு. எனக்கு அந்த எண்ணத்தைப் பற்றித்தான் கவலை. அவர்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் கூட்டம் என்று அந்தப் பிள்ளை நினைக்கக்கூடும். உண்மையில் காரணம் அந்த ஊர்ச் சட்டம்.

இங்கிலாந்தில் பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தில் 66ஆம் பிரிவு, மற்றவரைக் கலவரப்படுத்தும் அல்லது வேதனைப்படுத்தும் எண்ணத்தோடு உறுப்பைக் காட்டினாரா என்று கேட்கிறது. எண்ணம் இல்லையென்றால் அந்தப் பிரிவில் வழக்கு நிற்காது. போர்ட்லண்டில் நகர விதி நிர்வாணத்தைத் தடுத்தாலும், ஆடையின்றி சைக்கிள் ஓட்டிய ஒருவர் மீதான வழக்கை 2008இல் ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். அந்த ஊரில் அது நிலைபெற்றுவிட்ட வழக்கம் என்பது அவர் சொன்ன காரணம். அதாவது, அங்கே கூட்டத்துக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு சட்ட வாசகத்திலிருந்தும், பல ஆண்டுகள் தொடர்ந்த வழக்கத்திலிருந்தும் வந்தது. அதுவும் நிரந்தரம் என்று சொல்ல முடியாது. தாராள மனத்துக்குப் பேர்போன சான் பிரான்சிஸ்கோவிலேயே 2012 நவம்பரில் நகர மேற்பார்வையாளர் மன்றம் 6க்கு 5 என்ற வாக்கில் பொது நிர்வாணத்தைத் தடைசெய்தது. அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள்.

சிங்கப்பூரில் சட்டம் எண்ணத்தைக் கேட்பதில்லை. சில்லறைக் குற்றங்கள் சட்டம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பொது ஒழுங்கு, தொல்லைச் சட்டத்தின் 27ஏ பிரிவின்படி, பொது இடத்தில் ஆடையின்றித் தோன்றினால் குற்றம். அதிகபட்சத் தண்டனை 2,000 வெள்ளி அபராதம், மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். எதற்காகச் செய்தாய், யாருக்காவது வேதனை உண்டாக்க நினைத்தாயா என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. உடம்பில் சாயம் பூசிக்கொண்டேன், இரண்டு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தேன் என்பதும் உதவாது. பொது நாகரிகத்தைப் புண்படுத்தும் விதத்தில் உடுத்தியிருப்பதையும் நிர்வாணம் என்றே அந்தப் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தனியார் இடமாக இருந்தாலும் வெளியிலிருப்பவர் கண்ணுக்குப் படும்படி இருந்தால் அதுவும் குற்றமே.

இந்தக் கடைசி வரியைப் பொங்கோலில் வைத்துப் பாருங்கள். பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர் நீளம்; 2011இல் திறந்தார்கள். பொங்கோல் நீர்த்தேக்கத்தையும் சிராங்கூன் நீர்த்தேக்கத்தையும் இணைக்க வெட்டப்பட்ட கால்வாய் அது. இரு கரையிலும் பாதை, பாதையை ஒட்டி வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள். காலை ஏழு மணிக்கு அந்தப் பாதையில் போனால் எதிரே தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் பணிப்பெண், இரண்டு கைகளையும் பின்னால் வீசி நடக்கும் முதியவர்கள், பள்ளிப் பையை முன்கூடையில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் மிதிக்கும் சிறுமி, எல்லாரும் வருவார்கள். தலையைத் தூக்கினால் பத்தாவது மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். அந்த 4.2 கிலோமீட்டரில் யார் பார்வையும் படாத இடம் என்று ஒன்று கிடையாது. கோனித் தீவுப் பூங்காவில் மரங்கள் அடர்த்திதான், ஆனால் அதுவும் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை எல்லாருக்கும் திறந்திருக்கும் பொது இடம். வடகிழக்கு ஆற்றோரச் சுற்றுப்பாதையின் 26 கிலோமீட்டரும் குடும்பங்கள் வார இறுதியில் வாடகைச் சைக்கிளோடு போகும் பாதை. இவற்றோடு போலிஸ் கேமராக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவு முழுதும் 90,000க்கு மேல் பொருத்தியாயிற்று என்றும், 2,00,000க்கு மேல் உயர்த்தப்போகிறோம் என்றும் அரசாங்கம் 2021இலேயே சொல்லிவிட்டது.

கூட்டமாகப் போனால் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொள்ளலாம் என்பதும் இங்கே நடக்காது. 2022 ஜனவரி முதல் சாலையில் சேர்ந்து ஓட்டும் குழுவுக்கு நீள வரம்பு இருக்கிறது. ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர். அடுத்த குழு சுமார் 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பத் தூரம் தள்ளி வரவேண்டும் என்பது பரிந்துரை. போர்ட்லண்டின் பத்தாயிரம் பேர் காட்சியைப் பொங்கோல் சாலையில் ஆடையோடு நடத்தினாலே விதிமீறல்தான். நடைபாதையில் ஏறலாமா என்றால், 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருக்கும் இடங்களில் பாதசாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பாதையில் மிதிவண்டி போகக் கூடாது. அதற்கும் அதிகபட்சத் தண்டனை 2,000 வெள்ளி அபராதம், மூன்று மாதச் சிறை. பொது நிர்வாணத்துக்கு உள்ள அதே அளவு. பாதை ஒழுங்கை இந்த நாடு எவ்வளவு கண்டிப்போடு பார்க்கிறது என்பதற்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

நோக்கம் சொல்லிப் போனால் இன்னொரு சட்டம் சேர்ந்துகொள்கிறது. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு கருத்துக்கு ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ ஒருவர் தனியாக நின்றாலும் அது கூட்டம். வாகனங்களில் போனாலும் ஊர்வலம். அனுமதியில்லாமல் ஏற்பாடு செய்தவருக்கு 5,000 வெள்ளி வரை, கலந்துகொண்டவருக்கு 3,000 வெள்ளி வரை அபராதம். ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் போலிஸ் அனுமதியின்றிக் கூடலாம். அங்கேயும் 27ஏ பிரிவு அப்படியேதான் இருக்கும். எண்ணெய்க்கு எதிர்ப்பு என்று எழுதிய அட்டையை முதுகில் கட்டிக்கொள்வதால் குற்றம் குறைவதில்லை, கூடுகிறது.

இது ஏட்டில் தூங்கும் சட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2009 ஜனவரி 24ஆம் தேதி இரவு ஹாலந்து வில்லேஜில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆடையின்றி நடந்தார்கள். ஆண் வெளிநாட்டிலிருந்து வந்த பரிமாற்ற மாணவர், பெண் சிங்கப்பூரர். யாரையும் தொடவில்லை, யாரோடும் சண்டையிடவில்லை. சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் இருந்தவர்கள் படமெடுத்தார்கள், படங்கள் இணையத்தில் பரவின. இருவருக்கும் தலா 2,000 வெள்ளி அபராதம். அது அந்தப் பிரிவு அனுமதிக்கும் முழு அபராதத் தொகை.

'தைப்பூசத்தில் ஆண்கள் வெறும் மேலுடம்போடு, உடம்பெல்லாம் அலகு குத்திக்கொண்டு சாலையில் போகிறார்களே' என்று நம்மவர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், பதிலும் தெளிவானது. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை போகும் அந்த நடைப்பயணத்துக்கு இந்து அறக்கட்டளை வாரியம் ஏற்பாட்டாளராக நின்று, போலிஸ் அனுமதியோடு, வழியும் நேரமும் காவடியின் அளவும் முன்கூட்டியே வரையறுத்து நடத்துகிறது. இசைக்கு 1973இலேயே தடை வந்தது. அது சில குறிப்பிட்ட இடங்களில் தளர்ந்தது அண்மை ஆண்டுகளில்தான், அதுவும் சமூகம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுப் பெற்றது. நூற்றாண்டு கடந்த வழிபாட்டுக்கே ஒரு மேளம் அடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. தீவின் சாலையில் உடம்பு தெரிவதைவிட, அனுமதியில்லாமல் ஒன்று நடப்பதைத்தான் அரசு பெரிதாக எடுத்துக்கொள்கிறது. நம் சமூகத்துக்கு இது நன்றாகவே தெரியும்.

இங்கே முடியாது, கடல் தாண்டிப் போய்ச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் பினாங்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டு பினாங்கு தேசியப் பூங்காவில் தெலுக் கம்பி என்ற கடற்கரையில் ஒரு சிறு குழு நிர்வாண விளையாட்டுப் போட்டி நடத்தியது. மலேசியர்களோடு வேறு நாட்டவரும் இருந்தார்கள். சாலை வசதி இல்லாத இடம். படகில் போகவேண்டும், இல்லையென்றால் காட்டுப் பாதையில் நீண்ட நேரம் நடக்கவேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியவில்லை, யாரும் புகார் செய்யவில்லை. சில மாதங்கள் கழித்து ஆகஸ்டில் அதன் காணொளி இணையத்தில் பரவியது. ஆடுவதும் ஓடுவதும் உடம்பில் சாயம் பூசுவதுமாக, முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. போலிஸ் அந்த முகங்களை வைத்தே ஒவ்வொருவராகத் தேடியது. பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு மாதச் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. காட்டுக்குள் மனிதக் கண் இல்லாத இடத்தைத் தேடிப் போனவர்களைக் காட்டிக்கொடுத்தது அவர்கள் கையோடு கொண்டுபோன கேமரா. மறு ஆண்டு மே 30ஆம் தேதி கினபாலு மலையுச்சியில் ஆடை களைந்து படமெடுத்துக்கொண்ட சுற்றுப்பயணிகளின் கதையும் இதேதான். ஆறு நாளில் நிலநடுக்கம் வந்து 18 பேர் இறந்தார்கள். மலையின் ஆவிகளைப் புண்படுத்தியதால்தான் என்று அங்கே கோபம் கிளம்பியது. நால்வருக்கு மூன்று நாள் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், நாடுகடத்தல்.

அபராதத்தைக் கட்டிவிடலாம், சிறையும் ஒரு நாள் முடியும். படத்துக்கு முடிவு கிடையாது. 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு டெலிகிராம் குழு தொடர்பாக நான்கு ஆண்கள் கைதானார்கள். அந்தக் குழுவில் சுமார் 44,000 உறுப்பினர்கள்; பெண்களின் அந்தரங்கப் படங்கள் அங்கே சுற்றிக்கொண்டிருந்தன. இந்தச் சிறு தீவில் 44,000 என்பது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று யோசியுங்கள். நம் மின்தூக்கியில் கூட வருபவர், நம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், யார் வேண்டுமானாலும் அதில் இருந்திருக்கலாம். 2024 நவம்பரில் ஒரு பள்ளியில் மாணவர்கள் சக மாணவிகளின் சாதாரண முகப்படங்களிலிருந்து செயற்கை நுண்ணறிவால் போலி நிர்வாணப் படங்கள் செய்து பரப்பிய செய்தி வெளிவந்தது. ஆடையோடு எடுத்த படத்துக்கே இந்தக் கதி. ஓட்டத்தில் கலந்துகொள்பவர் முகம், உடம்பு, சைக்கிள், கையில் குத்திய பச்சை எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் உண்மையாகவே கொடுத்துவிடுகிறார். முகத்தை வைத்து ஆளைத் தேடித் தரும் மென்பொருள் இன்று காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிறது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்டால், ஓரளவு காப்பாற்றும். 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் இருக்கும் 377பிஇ பிரிவின்படி ஒருவர் சம்மதமின்றி அவரது அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். மாற்றியமைத்த போலிப் படமும் அதில் அடங்கும். ஆனால் ஒளிந்து பார்த்தல் போன்ற குற்றங்கள், பாதிக்கப்பட்டவர் தனிமையை எதிர்பார்க்கக்கூடிய நிலையில் இருந்தார் என்பதைச் சார்ந்தே நிற்கின்றன. நடு வீதியில் தானாக ஆடை களைந்தவர் அந்த வாதத்தைத் தன் கையாலேயே பலவீனப்படுத்திக்கொள்கிறார். புகார் கொடுக்கப் போனால் முதலில் அவர் மீதே வழக்கு. மிரட்டுபவனுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டார். பெண்களுக்கு இது எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டம் நடக்கும் மேலை நகரங்களிலேயே ஓரத்தில் நின்று படமெடுப்பவர்களைப் பற்றித்தான் பங்கேற்பாளர்கள் ஓயாமல் குறைசொல்கிறார்கள்.

பொங்கோலைப் பற்றி எழுதும்போது என் மனம் போய் நிற்கும் இடம் நீர்வழிக் கரை அல்ல, வெளிநாட்டு ஊழியர்களின் எஸ்11 தங்கும் விடுதி. 2020 ஏப்ரலில் தனிமைப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டு, அன்றைய ஆகப்பெரிய கொவிட் குழுமமாக நாடு முழுதும் பேசப்பட்ட விடுதி அது. ஏறத்தாழ 13,000 ஊழியர்கள் அப்போது உள்ளே இருந்தார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படிப்பட்ட விடுதிகளில்தான் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்குச் சைக்கிள்தான் வாகனம். கைப்பிடியில் கைபேசியைக் கட்டி இளையராஜா பாட்டை ஓடவிட்டு, பின்னால் ஐந்து கிலோ அரிசிப் பையோடு வருவார்கள். விளையாட்டாக ஓர் அழைப்பு வந்தால், பந்தயம் என்றால், 'லைவ்' போட்டால் இத்தனை பேர் பார்ப்பார்கள் என்றால், இருபத்து மூன்று வயதில் ஒருவன் சரி என்று சொல்லிவிடக்கூடும். அவனுக்கு நேரும் இழப்பு சிங்கப்பூரரின் இழப்பைப்போல் இருக்காது.

வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளிலேயே, சட்டவிரோதமான, ஒழுக்கக்கேடான, விரும்பத்தகாத செயல்களில் ஊழியர் ஈடுபடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மலேசியர் அல்லாத ஒவ்வோர் ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைப்பத்திரம் கொடுத்திருக்கிறார். நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பணத்துக்கு ஆபத்து வரலாம் என்ற பயமே முதலாளியை முந்திக்கொள்ளச் செய்யும். பெர்மிட்டை ரத்து செய்ய நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 25 பேர். வழக்கு விசாரணை இல்லாமல் திருப்பியனுப்பப்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் 57 பேர். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அடையுமுன் திரும்பி வரும் பிள்ளையை ஊரில் என்ன கேட்பார்கள்? 'பெர்மிட் கேன்சல்' என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. காணொளி அவனுக்கு முன்பே ஊர்க் குழுவில் வந்து இறங்கியிருக்கும். அதை அனுப்பியவர்களும் தப்பியதாக எண்ண வேண்டாம். ஆபாசப் படத்தை மின்வழி அனுப்புவது தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவில் குற்றம். அறை நண்பனின் படத்தை வேடிக்கைக்காக வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் அண்ணன்மாரும் இதைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

உடம்பைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை என்ற ஓட்டக்காரர்களின் எண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நிர்வாணம் போராட்டமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். வான்கூவர் ஓட்டம் தொடங்கி ஒரு மாதம் கடந்த சில நாளில், 2004 ஜூலை 15ஆம் தேதி, இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு தாய்மார்கள் ஆடை களைந்து நின்றார்கள். தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அசாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துப்போனதையும் அவர் உடல் குண்டுக் காயங்களோடு கிடைத்ததையும் எதிர்த்து நின்றார்கள். அங்கே பெண்ணுடம்புக்கு நேர்ந்த கொடுமைதான் வழக்கே. அதனால் பார்த்தவர்களுக்கு உடம்பையும் செய்தியையும் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. அடுத்த மாதமே இம்பால் நகரின் ஏழு தொகுதிகளிலிருந்து ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் அசாம் ரைபிள்ஸ் கோட்டையைக் காலிசெய்தது.

2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் நம் தமிழ்நாட்டு விவசாயிகள் நடத்திய போராட்டம் வேறு பாடம் சொல்கிறது. மார்ச் 14 முதல் மண்டையோடு வைத்தார்கள், எலியைக் கடித்தார்கள். வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி என்று கோரிக்கைகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. ஏப்ரல் 10ஆம் தேதி மனுவோடு பிரதமர் அலுவலகப் பக்கம் அழைத்துச் செல்லப்பட்டு, பிரதமரைப் பார்க்க முடியாமல் போனதும், சிலர் ஆடையைக் களைந்து சாலையில் ஓடினார்கள். அந்தப் படம் நாடெங்கும் போயிற்று. இன்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த ஓட்டம் நினைவிருக்கும். அவர்கள் கேட்டது 40,000 கோடி ரூபாய் நிவாரணம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? வேறு வழியே இல்லாத, அடிவயிறு காய்ந்த மனிதர்களின் போராட்டத்தையே படம் இப்படி விழுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கொண்டாட்டமாக நடக்கும் ஓட்டத்தில் எண்ணெயும் காரும் யார் காதில் விழும்?

இனி வரும் ஆண்டுகளில் இது பெருகுமா என்றால், என் கணிப்பு இதுதான். சட்டம் இடம் கொடுக்கும் நகரங்களில் அலையலையாக வந்து போகும், நேர்க்கோட்டில் வளராது. பெயர்போன போர்ட்லண்டிலேயே 2025ஆம் ஆண்டின் வழக்கமான ஓட்டத்தை ஏற்பாட்டாளர்கள் நடத்தவில்லை. பிறகு அக்டோபர் 12ஆம் தேதி, தேசியக் காவல்படையை நகருக்கு அனுப்பும் அதிபரின் முடிவை எதிர்த்து, மழையில் அவசர ஓட்டம் ஒன்று நடந்தது. அரசியல் சூடு ஏறும்போது கூட்டம் வரும், தணியும்போது தேயும். ஆனால் காணொளிகள் தேயாது, அவை சேர்ந்துகொண்டே போகும். ஓட்டங்கள் குறைந்தாலும் திரையில் அவை பெருகிக்கொண்டே இருப்பதாகத்தான் தெரியும். எந்த ஊர், எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்ற விவரமெல்லாம் உதிர்ந்து, சிரிக்கும் முகங்கள் மட்டும் இங்கே வந்து சேரும்.

பொங்கோலில் சைக்கிளோட்டிக்குக் குறை இல்லாமல் இல்லை. பேருந்து நிறுத்தத்தின் பின்னால் திடீரென்று குறுகும் பாதை, குருட்டு வளைவு, எதிரே மின்னும் வெளிச்சத்தோடு வேகமாக வரும் மின்சைக்கிள், இவை தினசரித் தொல்லைகள். தீவு முழுதும் 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்பது அரசின் திட்டம். எந்த இடத்தில் எப்படி அமையவேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதிக் கேட்கலாம், சந்திப்பு நாளில் நேரில் போய்ச் சொல்லலாம். ஆடையோடு, ஐந்தைந்து பேராக, தலைக்கவசத்தோடு ஓட்டிக்காட்டியும் சொல்லலாம்.

ஏற்கெனவே எங்கோ ஓர் ஓட்டத்தில் கலந்துகொண்டு, படம் ஒன்று வெளியே போய்விட்டது, யாரோ மிரட்டுகிறார்கள் என்றால், பணம் கொடுக்காதீர்கள், பதிலும் அனுப்பாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு போலிசில் புகார் செய்யுங்கள். இணையத் தொல்லைக்கு ஆளானவர்களுக்கென 2023 முதல் ஷீகேர்ஸ் நிலையம் ஆலோசனையும் சட்ட உதவியும் தருகிறது. ஸ்டாப்என்சிஐஐ என்ற இணையச் சேவையில் படத்தை யாருக்கும் அனுப்பாமலே, உங்கள் கைபேசியிலேயே அதற்கு ஓர் எண்ணடையாளம் உண்டாக்கிப் பதிந்துகொள்ளலாம். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கான சேவை அது. அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் அந்த அடையாளத்தை வைத்து அதே படம் தங்கள் தளத்தில் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். டெலிகிராம் குழுக்களுக்குள் ஏற்கெனவே போய்விட்டதை அது திரும்பக் கொண்டுவராது. அதனால் முதல் மிரட்டல் வந்த அன்றே பதிந்துவிடுங்கள்.